180 லிட்டர் வடிந்து ஒன்றரை லிட்டர் ஆவது எப்படி? சிறுநீரகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் பயிற்சி மாணவிகளுக்கு உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். சிறுநீரகப் பாடம் முடிந்த மறுநாள் வருகிற கேள்விகளில் பாதி புத்தகத்திலிருந்து வரும், மீதி அவரவர் வீட்டிலிருந்து வரும். "அப்பாவுக்கு கிரியேட்டினின் 1.8னு வந்திருக்கு மேடம், பயப்படணுமா?" என்று வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பெண் வந்து கேட்பாள். வகுப்பிலும் வராந்தாவிலும் வந்த அந்தக் கேள்விகளைத்தான் இங்கே பதிலோடு தொகுத்திருக்கிறேன்.

முதுகு வலித்தால் அது கிட்னி வலியா?

பெரும்பாலும் இல்லை. பலர் இடுப்புக்குக் கீழே கையை வைத்து "கிட்னி வலிக்குது" என்பார்கள். சிறுநீரகங்கள் அங்கே இல்லை. முதுகெலும்பின் இரண்டு பக்கமும், கடைசி விலா எலும்புகளின் மறைவில், குடலுக்கெல்லாம் பின்னால் இருக்கின்றன. வலது பக்கம் மேலே கல்லீரல் இடத்தை அடைத்துக்கொள்வதால் வலது சிறுநீரகம் சற்றே தாழ்ந்திருக்கும். ஒவ்வொன்றும் 10 முதல் 12 செ.மீ. நீளம், ஏறக்குறைய 150 கிராம் எடை.

குனியும்போதும் நிமிரும்போதும் கூடிக் குறைகிற வலி தசை, எலும்பு சார்ந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். சிறுநீரகத்தில் கிருமித் தொற்று என்றால் விலாவுக்குக் கீழே பக்கவாட்டில் வலியும், அதோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வரும். அப்போது தாமதிக்கக் கூடாது. ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோய்க்குப் பெரும்பாலும் வலியே கிடையாது. வலி இல்லை என்பதை வைத்துக்கொண்டு சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

சிறுநீரகம் ஒரு வடிகட்டி என்கிறார்களே, டீ வடிகட்டி மாதிரியா?

டீ வடிகட்டியில் சக்கை மேலே தங்கும், வேண்டியது கீழே இறங்கும். சிறுநீரகம் செய்வது ஏறக்குறைய அதற்கு நேர்மாறு. வேண்டியது, வேண்டாதது இரண்டையும் சேர்த்துக் கீழே இறக்கிவிட்டு, வேண்டியதை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

போகிக்கு முன் வீட்டை ஒழிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரிக்குள் தலையை விட்டுக் குப்பையை மட்டும் பொறுக்குவதில்லை. சாமான்களை எல்லாம் முற்றத்துக்குக் கொண்டுவந்து வைக்கிறோம். வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்துப் போகிறோம். முற்றத்தில் மிஞ்சிக் கிடப்பதுதான் குப்பை. சிறுநீரகம் இந்த வேலையை ஆண்டுக்கு ஒரு தடவை இல்லை, ஒரு நாளைக்கு 60 தடவை செய்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் ஒரு லிட்டருக்கு மேல் இந்த இரண்டு சிறிய உறுப்புகளுக்கே போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்குழாய்கள், உண்டு. நெஃப்ரான் ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல்கண்டு போலச் சுருண்ட ஒரு முடிச்சு இருக்கிறது. அதுதான் குளோமருலஸ். இந்த முடிச்சுகளை நுண்ணோக்கியில் கண்டு 1666இல் எழுதியவர் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி. அந்த முடிச்சைச் சுற்றியுள்ள கிண்ணம்தான் குழாயின் தொடக்கம் என்று 1842இல் காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் பௌமன். பள்ளிப் புத்தகத்தில் படித்த 'பௌமானின் கிண்ணம்' அவர் பெயரில் வந்ததுதான்.

ரத்த அழுத்தத்தின் விசையில் அந்த முடிச்சிலிருந்து தண்ணீர், உப்புகள், சர்க்கரை, அமினோ அமிலங்கள், யூரியா எல்லாம் கிண்ணத்துக்குள் கசிகின்றன. ரத்த அணுக்களும் ஆல்புமின் போன்ற பெரிய புரதங்களும் பின்தங்கிவிடும். நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி கசிகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் ஆயிற்று. நம் ரத்தத்தில் அணுக்கள் போக மீதமுள்ள திரவமான பிளாஸ்மாவோ 3 லிட்டர்தான். 60 தடவை என்று சொன்னது இந்தக் கணக்கில்தான். கடைசியில் வெளியேறுவது ஒன்றரை லிட்டர், மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

எடுத்துக்கொள்ளப் போவதை எதற்காக முதலில் வெளியே விடவேண்டும்? வீண் வேலை இல்லையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. குப்பையை மட்டும் பார்த்துப் பிடித்து வெளியேற்றுவது என்றால், உலகத்தில் உள்ள ஒவ்வொரு வேண்டாப் பொருளையும் உடல் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நேற்று கண்டுபிடித்த ஒரு மருந்தை அது எப்படி அறியும்? இந்த ஏற்பாட்டில் அதற்குத் தேவையே இல்லை. திரும்ப எடுக்க வாசல் இல்லாத பொருள் தானாக வெளியே போய்விடும். சில கழிவுகளையும் மருந்துகளையும் குழாய்ச் சுவரே நேரடியாக உள்ளே தள்ளிவிடுவதும் உண்டு, ஆனால் அடிப்படை இதுதான்.

இதற்கு விலையும் உண்டு. திரும்ப எடுக்கிற வேலைக்கு நிறைய சக்தி வேண்டும். ஆகவே ரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் அடி வாங்குகிற உறுப்புகளில் சிறுநீரகமும் ஒன்று. கடும் வயிற்றுப்போக்கு, பெரிய ரத்தப்போக்கு, கிருமி ரத்தத்தில் கலந்த நிலை ஆகியவற்றில் ஓரிரு நாளிலேயே சிறுநீர் வற்றிப்போவது அதனால்தான்.

சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பது ஏன்?

கசிந்த சர்க்கரை முழுவதையும் குழாயின் முதல் பகுதி திரும்ப எடுத்துவிடும். நலமாக இருப்பவரின் சிறுநீரில் சர்க்கரை தெரியாததற்குக் காரணம் அது. ஆனால் எடுக்கிற வாசல்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை 180 மி.கி. அளவைத் தாண்டும்போது வாசல்கள் நிரம்பி, மீதி சிறுநீரில் வழிகிறது. சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் இழுத்துப் போவதால் அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம்.

டாபாகிளிஃப்ளோசின் போன்ற இப்போதைய மாத்திரைகள் அந்த வாசலையே வேண்டுமென்று அடைக்கின்றன. சர்க்கரைக்கு என்று வந்த அந்த மருந்துகள் சிறுநீரகம் கெடுவதையும் மெதுவாக்குகின்றன என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்தது. அவற்றைச் சாப்பிடுகிறவரின் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை இருக்கத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

காலையில் சிறுநீர் ஏன் அடர்மஞ்சளாக வருகிறது?

இரவெல்லாம் தண்ணீர் குடிக்கவில்லை, ஆனால் கழிவு சேர்ந்துகொண்டே இருந்தது. அதனால் மூளை ஏ.டி.எச். என்கிற ஹார்மோனை அதிகம் விடுகிறது. அது சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களைத் தண்ணீருக்குத் திறந்துவிடும். ஹென்லே வளைவு என்ற கொண்டை ஊசி போன்ற குழாய், சிறுநீரகத்தின் உட்பகுதியை ஏற்கெனவே உப்புச் செறிவாக்கி வைத்திருக்கிறது. கருவாட்டில் போட்ட உப்பு மீனின் ஈரத்தை இழுப்பது போல, அந்தச் செறிவு குழாயிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. சிறுநீர் கொஞ்சமாகவும் கெட்டியாகவும் வெளியேறுகிறது.

இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. எவ்வளவு சுண்ட வைத்தாலும், அன்றாடக் கழிவைச் சுமந்து போக நாளைக்கு அரை லிட்டர் சிறுநீராவது வேண்டும். மது இந்த ஹார்மோனை அடக்குவதால்தான் குடித்தவருக்கு அடிக்கடி சிறுநீர் போய், விடிந்ததும் நா வறளுகிறது.

அப்படியானால் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. குளிர்சாதன அறையில் கணினி முன் இருப்பவருக்கும் சித்திரை வெயிலில் சித்தாள் வேலை பார்ப்பவருக்கும் ஒரே அளவு எப்படிச் சரியாகும்? தாகம் எடுத்தால் குடியுங்கள், சிறுநீரின் நிறம் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். நலமாக இருப்பவருக்கு இந்த இரண்டும் போதும்.

ஏற்கெனவே சிறுநீரகம் வெகுவாகக் கெட்டவர்களுக்கு இது பொருந்தாது. தண்ணீர் வெளியேறாமல் காலிலும் நுரையீரலிலும் தேங்கிவிடும். மருத்துவர் சொன்ன அளவுதான் அவர்களுக்கு. இளநீர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். "கிட்னிக்கு நல்லது" என்று அன்போடு வாங்கிக்கொண்டு வருவார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அதை வெளியேற்ற முடியாத உடம்பில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம்.

தக்காளி விதை சாப்பிட்டால் கல் வருமா? பால், தயிரை நிறுத்த வேண்டுமா?

தக்காளி விதை சிறுநீரகத்துக்குப் போவதே இல்லை. அது குடலோடு வந்து குடலோடு போய்விடும். கல் என்பது சிறுநீரில் கரைந்திருக்கும் உப்புகள் செறிவு மிஞ்சிப் படிகமாவது. பெரும்பாலான கற்கள் கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்தவை.

"கால்சியம் கல்லென்றால் பாலை நிறுத்திவிடலாமே" என்பது பார்வைக்குச் சரியாகத் தெரியும். ஆனால் தவறு. சாப்பாட்டில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. பால், தயிரைக் குறைத்தால் ஆக்சலேட் தடையில்லாமல் ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் போகும். அமெரிக்காவில் 45,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து 1993இல் வெளியான ஆய்வில், உணவில் கால்சியம் கூடுதலாக எடுத்தவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்தது. குறைக்க வேண்டியது உப்பு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். ஒரு தடவை கல் வந்தவர் நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீராவது கழிகிற அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். வாழைத்தண்டைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், நல்ல காய்தான். அதை நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்.

கல் சிறுநீரகத்துக்குள் சும்மா இருக்கும்வரை தெரியாது. அது 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள சிறுநீர்க்குழாயில் இறங்கிச் சிக்கும்போதுதான், குழாய் தன் சுவரை இறுக்கி இறுக்கித் தள்ளப் பார்த்து, விலாவிலிருந்து தொடையிடுக்குவரை வலி பாய்கிறது. 5 மில்லி மீட்டருக்கு உட்பட்ட கற்கள் பெரும்பாலும் தானாக வந்துவிடும். வலியோடு காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்வது உயிருக்கு ஆபத்து.

சிறுநீரை அடக்கினால் என்ன ஆகும்?

சிறுநீர்ப்பை 150, 200 மில்லி சேர்ந்ததுமே லேசாகச் சொல்லும். 400, 500 மில்லியில் அவசரப்படுத்தும். உள்ளே ஒரு பூட்டு நம் கட்டுப்பாட்டில் இல்லை, வெளியே ஒரு பூட்டு நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. குழந்தைகள் பழகுவது அந்த வெளிப் பூட்டைத்தான். ஐந்து வயதுவரை இரவில் படுக்கையை நனைப்பது இயல்பு, அதற்காக அடிக்காதீர்கள்.

ஒரு நாள் அடக்கியதால் சிறுநீரகம் கெடாது. தினமும் அடக்குவதும், அதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும்தான் கெடுதி. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் வழியான சிறுநீர்த் தாரை பெண்களுக்கு 4 செ.மீ. நீளம்தான், ஆண்களுக்கு 20 செ.மீ. அளவு. குடலில் வாழும் ஈ.கோலை கிருமி பெண்களிடம் சீக்கிரம் சிறுநீர்ப்பைக்கு ஏறிவிடுகிறது. ஏறிய கிருமியைக் கழுவித் தள்ளுவது சிறுநீரின் ஓட்டம்தான். அந்த ஓட்டத்தையே நிறுத்திவைத்தால் நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வரும்.

என் மாணவிகளில் பலர் காலையில் விடுதியை விட்டுக் கிளம்பினால் மாலைவரை தண்ணீர் தொடுவதில்லை. தொலைதூரப் பேருந்தில் போகிற பெண்களும் அப்படித்தான். அவர்களிடம் "நிறைய தண்ணீர் குடிம்மா" என்று சொல்வதில் என்ன பயன்? தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை பள்ளியிலும் கடையிலும் பேருந்து நிலையத்திலும் இருந்தால் யாரும் சொல்லாமலே குடிப்பார்கள்.

வயதான ஆண்களுக்கு ஒன்று: சிறுநீர் மெலிந்து, சொட்டுச் சொட்டாக வந்தால் "வயசாச்சு" என்று விடாதீர்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்தால், தேங்கிய சிறுநீரின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

சிறுநீரின் நிறம், நுரை இவற்றை வைத்து என்ன சொல்லலாம்?

பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவக்கும், பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரையால் பளிச்சென்ற மஞ்சள், காசநோய்க்கான ரிஃபாம்பிசினால் ஆரஞ்சு நிறம். இவற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வலியில்லாமல் ரத்தம் வந்தால், ஒரே ஒரு தடவை வந்து நின்றிருந்தாலும், காட்டிவிட வேண்டும். புகைபிடிப்பவர்கள் கட்டாயம். தினமும் நுரை பொங்கி அடங்காமல் நின்றால் ஆல்புமின் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கிரியேட்டினின் 1.8 என்றால் என்ன அர்த்தம்?

கிரியேட்டினின் தசையில் தினமும் உருவாகும் கழிவு. ஏறக்குறைய 0.6 முதல் 1.2 மி.கி.வரை இயல்பு. சிறுநீரகம் வெளியேற்றுவது குறைந்தால் ரத்தத்தில் அது ஏறும். இந்த எண் நேர்க்கோட்டில் ஏறுவதில்லை, குழப்பமே அதில்தான். ஒருவருக்கு 1ஆக இருந்தது 2 ஆனால் வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போயிற்று. 2லிருந்து 4க்கு ஏறும்போது போவது கால்பங்கு. 4லிருந்து 8க்கு ஏறும்போது அரைக்கால். "8 ஆயிடுச்சே" என்று வீடே அலறும்போது போனதைவிட, "கொஞ்சம்தான் ஏறியிருக்கு" என்று சும்மா இருந்தபோது போனது அதிகம்.

இன்னொன்று: தசை குறைந்த மெலிந்த பாட்டிக்கு 1.2 என்பதும் உடற்பயிற்சி செய்யும் இளைஞனுக்கு 1.2 என்பதும் ஒன்றல்ல. அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, வடிகட்டும் திறனை இ.ஜி.எஃப்.ஆர். என்று கணக்கிடுகிறார்கள். அது மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்வது), மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேச வேண்டிய நிலை.

அந்த மாணவியிடம் நான் சொன்னது: பயப்பட்டுப் பிரயோஜனமில்லை, ஆனால் இந்த வாரமே அப்பாவை அழைத்துப் போ. சிறுநீரில் ஆல்புமினும் பார்க்கச் சொல். கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆல்புமின் கசியத் தொடங்கிவிடும். சுகரோ பிரஷரோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை இந்த இரண்டு பரிசோதனைகளையும் செய்துகொண்டால், திருத்த முடிகிற காலத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்கிறார்களே?

இந்தப் பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் பலர். கெடுப்பது அடங்காத பிரஷரும் சுகரும். எனலாப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் குளோமருலஸுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து ஆல்புமின் கசிவைத் தடுக்கின்றன. தொடங்கும்போது கிரியேட்டினின் சற்று ஏறலாம். மருத்துவர் அதை எதிர்பார்த்தே மறுபரிசோதனை எழுதுவார்.

பயப்பட வேண்டியது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளுக்கு. சிறுநீரகத்துக்குள் வரும் ரத்தக் குழாயை விரித்து வைத்திருக்கும் பொருளையே இவை தடுக்கின்றன. என்ன சேர்ந்தது என்று தெரியாத பஸ்பம், லேகியங்களும் அப்படித்தான். முகத்தில் தடவும் கிரீமும் விலக்கில்லை: 2023இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்களால் சிறுநீரகத்தில் புரதக் கசிவு வந்தவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கு ஏன் ரத்தம் குறைகிறது?

எலும்பு மஜ்ஜைக்கு "சிவப்பணு செய்" என்று சொல்லும் எரித்ரோபாயிட்டின் சிறுநீரகத்தில்தான் உண்டாகிறது. வைட்டமின் டி கடைசியாகச் செயல்படும் வடிவம் பெறுவதும் முக்கியமாக இங்கேதான். அதனால் ரத்தசோகையும் எலும்புத் தேய்மானமும் கூடவே வருகின்றன. கீரையும் பேரீச்சையும் மட்டும் கொடுத்து இந்த ரத்தசோகையைச் சரிசெய்ய முடியாது.

ஒரு சிறுநீரகத்தோடு வாழ முடியுமா? மாற்றும்போது பழையதை எடுத்துவிடுவார்களா?

முடியும். பிறவியிலேயே ஒன்றோடு இருந்து, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரிந்துகொள்பவர்கள் உண்டு. தானம் கொடுத்தவரிடம் மீதமுள்ள சிறுநீரகம் சற்றுப் பெருத்துக் கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும். அவர் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போவது மட்டும் தவறக் கூடாது.

பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை. புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில், இடுப்பு ரத்தக் குழாய்களோடு இணைத்துவிடுவார்கள். 1954இல் பாஸ்டனில் ஒத்த இரட்டைச் சகோதரர்களுக்கிடையே ஜோசப் மர்ரே செய்த அறுவைதான் முதல் வெற்றி. அதற்காக 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் முதல் வெற்றி 1971இல், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்.

டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் அவ்வளவுதானா?

இல்லை. 1943இல் ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில், காம்பன் என்ற ஊரில், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் மர உருளையில் செலோஃபேன் குழாயைச் சுற்றி, நடைமுறைக்கு உதவிய முதல் டயாலிசிஸ் இயந்திரத்தைச் செய்தார். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் அதனால் மயக்கநிலையிலிருந்து மீண்டு வந்தார். இன்று டயாலிசிஸில் இருந்துகொண்டே வேலைக்குப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது.

வாரம் மூன்று நாள், நாளைக்கு நான்கு மணி நேரம் என்பது 12 மணி நேரம். சொந்தச் சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் வேலை செய்தது. இடையில் உள்ள நாள்களில் தண்ணீர், உப்பு, பொட்டாசியம் அளவாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பது இதனால்தான். ஒரு நாள் தவறவிட்டாலும் உடம்பு தாங்காது.

ஃபிஸ்டுலா போட்ட கையை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது?

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அந்தக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருக்கிறார்கள். அதிக வேகத்தில் ரத்தம் ஓடுவதால் விரல் வைத்தால் பூனை உறுமுவது போன்ற அதிர்வு தெரியும். தினமும் காலையில் எழுந்ததும் தொட்டுப் பாருங்கள். அந்தக் கையில் ரத்தம் எடுக்க விடாதீர்கள், பிரஷர் பார்க்க விடாதீர்கள், இறுக்கமான வளையலும் வாட்ச்சும் வேண்டாம், தலைக்கு வைத்துப் படுக்கவும் வேண்டாம். நர்ஸ் மறந்து அந்தக் கையைப் பிடித்தால் "இந்தக் கை இல்லம்மா, அந்தக் கை" என்று தயங்காமல் சொல்லுங்கள். அதிர்வு நின்றுவிட்டால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அன்றே போய்க் காட்டுங்கள். சில மணி நேரத்துக்குள் போனால் அடைப்பை எடுத்து அதே ஃபிஸ்டுலாவைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.